முகம் யாருக்காக?

கடந்த வருடம் நோன்புப் பெருநாளுக்குக் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த என் மனைவியின் தங்கச்சி, பேரீச்சம்பழப் பெட்டிகளோடும் பிள்ளைகளுக்கான உடுப்புகளோடும் ஒரு சிறிய வெள்ளைக் கருவியையும் கொண்டுவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒரு முனையில் பளபளக்கும் இரண்டு உலோகக் குமிழ்கள். அவள் வேலை செய்யும் வீட்டு எஜமானி புதியதொன்றை வாங்கிக்கொண்டு பழையதை இவளிடம் கொடுத்துவிட்டாளாம். முகத்தில் ஒரு ஜெல்லைத் தடவிக்கொண்டு, தாடையிலிருந்து காதுப் பக்கமாக அந்தக் குமிழ்களை மெல்ல மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். மெல்லிய மின்னோட்டம் தோலின் வழியே சென்று, தொய்ந்த கன்னத்தை நிமிர்த்தும் என்பது அதனை விற்பவர்களின் வாக்கு.

மனைவி அதை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு கிழமைக்குப் பின் ஓர் இரவு, இஷாத் தொழுதுவிட்டு வந்தபோது அவள் கண்ணாடி முன் அமர்ந்து இடது கன்னத்தில் அதை இழுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வாத்தியார் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வயசில என்னத்துக்கு இது? அல்லாஹ் தந்த முகத்த மாத்தப் போறியா?"

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அப்ப என்னய பஸ்ஸில ஏத்திக்கொண்டு போய் கரண்ட் வெச்சீங்களே, அது என்ன?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

2014ஆம் ஆண்டு எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்து பதினேழாம் நாள் காலையில், வாய் கொப்பளித்த மனைவியின் இடது கடைவாயால் தண்ணீர் வழிந்தது. இடது கண் மூடவில்லை. சிரிக்கச் சொன்னபோது வாய் வலப்பக்கமாகக் கோணியது. என் உம்மா அலறிவிட்டார். காற்றுப் பட்டுவிட்டது என்றார் ஒருவர். பக்கத்து லயத்திலிருந்து பார்க்க வந்த கிழவி, பேய் அறைந்திருக்கிறது என்றாள். எம்மவரில் ஒருவர் ஜின்னின் வேலை என்றார். நாற்பது கழியாத பெண்ணை வெளியே இறக்குவதா என்ற பேச்சும் எழுந்தது. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிற, கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்ற நான் என்ன செய்தேன்? மூன்று நாட்கள் ஓதிப் பார்த்தோம். நாலாம் நாள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஓதியதில் பிழையில்லை. ஓதிவிட்டு வீட்டில் இருந்ததுதான் பிழை.

அது முகவாதம். மூளையிலிருந்து புறப்பட்டு, காதுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய எலும்புக் குழாய் வழியே வந்து முகத் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு வீங்கி நெரிபடுவதால் வருவது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளைப்பேற்றை அண்டிய நாட்களிலும் பெண்களுக்கு வரும் வாய்ப்புச் சற்று அதிகம். பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் தானாகவே மாறிவிடும். ஆனால் முதல் 72 மணித்தியாலங்களுக்குள் பிரெட்னிசொலோன் என்ற மருந்தைத் தொடங்கினால் முற்றாகக் குணமாகும் வாய்ப்புக் கூடுகிறது. ஸ்கொட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அம்மருந்தை எடுத்தவர்களில் ஒன்பது மாத முடிவில் நூற்றுக்கு 94 பேர் முற்றாகக் குணமடைந்திருந்தனர். எடுக்காதவர்களில் 82 பேர். இதை நான் பல வருடங்களுக்குப் பின்னரே வாசித்தேன். எழுபத்திரண்டு மணித்தியாலம் என்பது மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன். வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்: முகம் கோணினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். அதோடு கை கால் சோர்வும் பேச்சுக் குழறலும் சேர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

பிறகு ஆறு கிழமைகள், கிழமைக்கு இரண்டு நாள், பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு மலைப்பாதை பஸ்ஸில் அவளை அழைத்துப் போனேன். உடற்பயிற்சி வைத்தியப் பகுதியில் கன்னத்தில் மின்முனையை வைப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் கன்னம் துள்ளும். கண்ணாடி முன் நின்று செய்யும் பயிற்சிகளையும் சொல்லித்தந்தார்கள். முகவாதத்துக்கு மின்சாரம் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை என்று இப்போது அறிகிறேன். அன்று எனக்கு அது பெரும் நம்பிக்கை. அவளது முகம் நேராக வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தினேன். அப்போது, அல்லாஹ் தந்த முகம் இதுதானே என்று நான் சொல்லவில்லை.

முகம் ஏறக்குறைய நேராகியது. சிறு குறையொன்று தங்கிவிட்டது. சிரிக்கும்போது இடது கடைவாய் வலதளவுக்கு உயராது. வயது ஏற அந்தப் பக்கக் கன்னம் சற்று முந்தியே தொய்ந்தது. நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், பழகிவிட்டது. அவள் விடவில்லை. அவள் கேள்வி கேட்ட இரவுக்குப் பின் வீட்டிலுள்ள கலியாணப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கடந்த பதினொரு வருடங்களில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் அவள் வலப்பக்கம் தெரியும்படி திரும்பி நிற்கிறாள், அல்லது முந்தானையால் கன்னத்தை மறைத்திருக்கிறாள். ஒன்றிலாவது சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

கருவியைப் பற்றியும் நீதியாகச் சொல்ல வேண்டும். மின்சாரத்துக்கும் முகத்துக்கும் உள்ள உறவு பழையது. இத்தாலியின் பொலொக்னா நகரில் கல்வானி செத்த தவளையின் கால்களை மின்சாரத்தால் துடிக்கவைத்து, அதனை 1791இல் எழுதி வெளியிட்டார். அவரது மருமகன் அல்டினி 1803 ஜனவரியில், லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது தாடை நடுங்கியது, முகத்தசை கோணியது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்கள் பயந்து போனார்கள். உயிரில்லாத முகமும் அசையும் என்பதை உலகம் அன்று கண்டது.

பிரான்ஸிய வைத்தியர் டுஷேன் இன்னும் ஆழமாகப் போனார். முகத்தில் உணர்ச்சி குன்றிய ஒரு முதியவரின் தசைகளை ஒவ்வொன்றாக மின்முனையால் தூண்டிப் படமெடுத்து, 1862இல் நூலாக வெளியிட்டார். கன்னத் தசையைத் தூண்டினால் உதடு சிரிக்கும். ஆனால் பார்ப்பவருக்கு அது சிரிப்பாகத் தோன்றாது. உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது, அது மனிதனின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை, உள்ளத்தின் மகிழ்ச்சிக்கே அசைகிறது என்றார் அவர். டார்வின் 1872இல் எழுதிய உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் அந்தப் படங்களைப் பயன்படுத்தினார்.

இன்று கைக்குள் வரும் கருவி அவ்வளவு வலியதல்ல. அம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ அம்பியர். இக்கருவிகள் சில நூறு மைக்ரோ அம்பியர் அளவிலேயே வேலை செய்கின்றன. ஆஸ்பத்திரியில் போல் தசை துள்ளாது, பலருக்கு எதுவும் உணர்வதில்லை. 1982இல் எலியின் தோலில் செய்த ஓர் ஆய்வில், சிறு மின்னோட்டம் கலங்களுக்குச் சக்தி தரும் ஏ.ரீ.பி. என்ற பொருளைக் கூட்டியது, 1000 மைக்ரோ அம்பியரைத் தாண்டியபோது அந்த நன்மை குறைந்தது. விற்பனையாளர் பலர் தூக்கிப் பிடிப்பது இந்த ஆய்வைத்தான். எலியின் தோலுக்கும் நாற்பது வயதுப் பெண்ணின் கன்னத்துக்கும் இடையில் தூரம் அதிகம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சில கருவிகளை விற்க இடமளித்திருப்பது, ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு ஒப்பானது என்ற அடிப்படையில். கிடைக்கும் பயனும் சிறியது, நிறுத்தினால் போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வலிப்பு நோயாளரும் கர்ப்பிணிகளும் இதனைத் தொடக் கூடாது.

ஆக, இது பெரும் அற்புதமும் அல்ல, பெரும் ஆபத்தும் அல்ல. அப்படியான ஒரு சிறு பொருளுக்கு நான் ஏன் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுதல் என்ற பெரும் வார்த்தையை எடுத்தேன்?

அந்த வார்த்தைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி அவர்கள், அழகுக்காக என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சிகிச்சைக்காகவோ குறையொன்றை நீக்குவதற்காகவோ செய்தால் தடையில்லை என்கிறார்கள். மூக்கு வெட்டுண்ட அர்பஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்த, அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்ற சட்டம் இருந்தும், ஒரு மனிதனின் முகத்துக்காக அது விலக்கப்பட்டது. முகம் என்பது அவ்வளவு பெரிய விசயம்.

சிகிச்சை ஆகும், அலங்காரத்துக்காக மாற்றுவது ஆகாது என்று கோடு போட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் என் மனைவியின் இடது கன்னம் கோட்டின் எந்தப் பக்கம்? அதில் நோய் கொஞ்சம், வயது கொஞ்சம். எது எங்கே முடிகிறது என்று யாரால் அளக்க முடியும்? 2014இல் அது சிகிச்சை என்றும் இப்போது அலங்காரம் என்றும் தீர்ப்புச் சொன்னவன் நான். என்னை உறுத்திய உண்மை இதுதான்: அன்று அவளது கோணிய முகம் எனக்கும் வெட்கமாக இருந்தது. நேராக வேண்டும் என்பது என் தேவையாகவும் இருந்தது. இன்று அது அவளுடைய தேவை மட்டும். என் தேவைக்கு மருத்துவம் என்று பெயர் வைத்தேன், அவளது தேவைக்குப் பாவம் என்று பெயர் வைத்தேன்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அந்த ஹதீஸைச் சொன்னபோது உம்மு யஃகூப் என்ற பெண், உங்கள் வீட்டிலும் இது நடக்கிறதே என்ற கருத்தில் அவர்களிடமே கேட்டாராம். அவர்கள் கோபிக்கவில்லை. போய்ப் பார்த்து வரும்படி சொன்னார்கள். அவர் போய்ப் பார்த்தார், அப்படி ஒன்றும் இருக்கவில்லை. தீர்ப்புச் சொல்பவனின் வீட்டைப் பார்க்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு. என் வீட்டுக்குள் என் மனைவி பார்த்தாள், இருந்தது.

எங்கள் மாவட்டம் மாணிக்கக்கல் மாவட்டம். எம்மவர் பலருக்குக் கல் வியாபாரம் பரம்பரைத் தொழில். கெவுடா என்ற பால் நிறக் கல்லை ஒரு காலத்தில் யாரும் மதிப்பதில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப்போய், உயர் வெப்பத்தில் சூடேற்றி நீலக்கல்லாக மாற்றினார்கள். அதன் பின்னரே இங்குள்ளவர்கள் கண்விழித்தார்கள். சிவப்புக்கல்லைச் சூடேற்றிக் கறுப்பை நீக்குவது பற்றிப் பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி எழுதியிருக்கிறார். சந்தையில் சூடேற்றுவது குற்றமில்லை. சூடேற்றியதை மறைத்து விற்பதே குற்றம். முகத்துக்கும் இதையே சொல்லலாமா என்று முதலில் நினைத்தேன்: யாரையும் ஏமாற்றாதவரை பிழையில்லை என்று.

ஆனால் கல் விற்பதற்கு உள்ளது. முகம் விற்பதற்கா? இந்த ஒப்புமை என் மனதில் இவ்வளவு இலகுவாக வந்து உட்கார்ந்ததே எனக்குப் பயத்தைத் தந்தது. ஏனெனில் நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் மாமிமார் பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பதும், கல்லை வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நிறம் குறைந்தால் கைக்கூலி கூடும். 1975இல் இந்தியாவில் அறிமுகமான சிவப்பழகுக் கிறீமொன்று நாற்பத்தைந்து வருடங்கள் விற்றபின், 2020இல்தான் தன் பெயரிலிருந்த வெள்ளை என்ற கருத்துடைய சொல்லை எடுத்தது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டோமா? நிறங்களின் வேற்றுமை இறைவனின் அத்தாட்சி என்று குர்ஆன் சொல்வதைக் குத்பாவில் கேட்டுவிட்டு, அடுத்த நாளே ஒரு பிள்ளையை "கொஞ்சம் கறுப்பு" என்று கழிக்கிறோம். முகத்தை மாற்றாதே என்று பெண்ணுக்குச் சொல்லும் அதே சமூகம், மாற்றினால் விலை கூடும் என்றும் சொல்கிறது.

ஒரு தோழர், தம் உடையும் காலணியும் அழகாக இருக்க விரும்புவது பெருமையா என்று கேட்டதற்கு, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று சொல்லிவிட்டு, பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகப் பார்ப்பதும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கேள்வி அணிபவனைப் பற்றியது. பதில் பார்வையைப் பற்றியது. எத்தனையோ தடவை இந்த ஹதீஸைச் சொல்லியிருக்கிறேன், இதை இப்போதுதான் கவனித்தேன்.

எளிமையைப் போற்றுவதற்குத் தோட்டத்துப் பெண்களை உதாரணம் காட்டும் வழக்கமும் எம்மிடம் உண்டு. பிரட்டுக்களத்துக்கு விடியமுன் போய், வெயிலிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து, கூடைக் கயிறு தலையில் தழும்பாகப் பதிந்த அந்த முகங்களின் சுருக்கங்கள் உழைப்பின் எழுத்து என்று நானும் மேடையில் பேசியிருக்கிறேன். பேச நன்றாக இருக்கும். ஒரு பரிசளிப்பு நாளில், மகளோடு படமெடுக்க வந்த கொழுந்துக்காரத் தாயொருத்தி சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்து, மடியிலிருந்து சிறு பவுடர் டப்பாவை எடுத்துப் பூசிக்கொண்டாள். நான் பார்ப்பதைக் கண்டு கூச்சத்தோடு சொன்னாள்: "போட்டோவுல நல்லா தெரியணும்ல சார்." அந்த எழுத்தை அவள் விரும்பி எழுதவில்லை. அமெரிக்காவில் இந்த வகைக் கருவியின் பெயர்பெற்ற ஒன்று 300 டொலருக்கு மேல் விற்கிறது. டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 90,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது அறுபத்தாறு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இரண்டு பெண்களுக்கும் ஒன்றுதான். வேறுபடுவது கையிலுள்ள காசு.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு மாதத்துக்கு முன் என் மகள், பதினான்கு வயது, அந்தக் கருவியை எடுத்துத் தன் தாடையில் இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவளுக்கு நோயுமில்லை, வயதுமில்லை. ஏன் மகள் என்றேன். தன் முகம் வட்டமாக இருப்பதாகவும், உறவுக்காரப் பெண்ணொருத்தி கலியாண வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்ததாகவும் சொன்னாள்.

இம்முறை அல்லாஹ்வின் பெயரை அவசரமாக எடுக்கவில்லை. தாய் இழந்த ஒன்றைத் திரும்பக் கேட்கிறாள், பிள்ளை தன்னிடம் உள்ளதையே குறையென்று நம்பத் தொடங்கியிருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஐந்து நிமிடம்தான். பிள்ளையின் கையிலிருந்து கருவியை வாங்கி வைப்பது இலகு, அவள் காதில் விழுந்த சொல்லை எப்படி வாங்கி வைப்பது? அந்தக் கலியாண வீட்டில் நானும் இருந்தேன். அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. பகிடிதானே என்று விட்டுவிட்டேன். உண்மையில் அங்கேதான் நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

மகளிடம் அதைச் சொன்னேன். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது பிழை மகள் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கருவியைத் துடைத்துத் தாயின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் மனதிலிருந்து அந்தச் சொல் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது.

கண்ணாடி பார்க்கும்போது ஓதும்படி சிறு வயதில் உம்மா ஒரு துஆச் சொல்லித்தந்தார். தோற்றத்தை அழகாக்கியது போல் குணத்தையும் அழகாக்கும்படி இறைவனிடம் கேட்பது அதன் பொருள். தோற்றம் அழகாகவே படைக்கப்பட்டிருக்கிறது என்ற உறுதியில் அது தொடங்குகிறது. அந்த உறுதியை ஒரு பிள்ளைக்குத் தருவது கண்ணாடியால் ஆகாது. அவளைப் பார்க்கும் மனிதர்களாலேயே ஆகும். இந்தக் கருவி ஆகுமா ஆகாதா என்று கேட்டு வருபவர்களுக்கு ஆலிம்கள் பதில் சொல்லட்டும். என்னைப் போன்ற கணவன்மாரும் வாப்பாமாரும் அதற்கு முன் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்த முகம் போதாது என்று இவளுக்கு முதலில் சொன்னது யார்?

மனைவி இப்போதும் இரவில் ஐந்து நிமிடம் கண்ணாடி முன் அமர்கிறாள். கன்னம் உயர்ந்ததா என்று கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சென்ற மாதம் மைத்துனன் வீட்டுக் கலியாணத்தில் படமெடுத்தபோது அவளது இடப்பக்கம் போய் நின்றேன். அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு திரும்பாமல் நேராகவே நின்றாள்.